காய்ந்திருந்த குளியலறை

முதியோர் இல்லங்களைப் பார்வையிடப் போகும்போது நீங்கள் கையில் கொண்டுபோகும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. "மலசலகூடமும் குளியலறையும் சுத்தமாகவும் ஈரமின்றியும் பேணப்படுகின்றனவா?" ஆம் என்றால் ஐந்து புள்ளி, இல்லை என்றால் பூச்சியம். அரைகுறை ஈரத்துக்கு அரைப் புள்ளி கிடையாது. மேலிடத்திலிருந்து வந்த மூலப் படிவத்தில் "சுத்தமாக" என்று மட்டுந்தான் இருந்தது. நம் கந்தோர்ப் பிரதியில் "ஈரமின்றியும்" என்பதைச் சேர்த்தவன் நான். வயதானவர்கள் வழுக்கி விழக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் சேர்த்தேன். ஒரு கூட்டத்தில் அதற்காக என்னைப் பாராட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

சமூக சேவைக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நடைமுறைகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. நடைமுறைகள் கோவைகளில் இருக்கின்றன, கோவைகள் அலுமாரியில் இருக்கின்றன, அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை ஓரிரு மாதங்களில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். முப்பத்தொரு வருடம் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற, எல்லாச் சுற்றுநிருபங்களையும் இலக்கத்தோடு சொல்லக்கூடிய ஒருவன், தன் வீட்டு மனுஷி ஒருத்திக்கு இல்லம் தேடப் போய் எவ்வளவு தூரம் மொக்கனானான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த மனுஷி என் மனைவியின் தாய். இனி மாமி என்றே எழுதுகிறேன். பேசாலையில் பிறந்தவர், வயது எண்பத்திரண்டு. மாமா கடல்தொழில் செய்தவர், காலமாகி வெகுகாலம். என் மனைவி ஒரே பிள்ளை என்பதால் மாமி எங்களோடு மன்னார் நகரத்தில் இருந்தார். எனக்கும் அவருக்கும் இருந்த உறவை "சுமுகமானது" என்று ஓர் அறிக்கையில் எழுதலாம். அருகில் இருந்து பார்த்த எவரும் அதில் சாட்சிக் கையெழுத்து வைக்கமாட்டார்கள்.

ஒரு நாள் காலை, திறந்திருந்த கேற்றால் கழுதை ஒன்று உள்ளே வந்து கொடியில் காய்ந்த என் சாரத்தை மென்றது. மாமி தும்புத்தடியோடு துரத்தப் போனார். கழுதை போய்விட்டது. மாமி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. உடற்பயிற்சி கொடுத்த பிள்ளை கெட்டிக்காரி, மாமியை வோக்கர் பிடித்து நடக்கவைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள்: "ஐயா, இவவை எழுப்பி நடத்திக்கொண்டே இருக்கவேணும். ரெண்டு மூண்டு கிழமை படுக்கையில விட்டீங்களெண்டா பிறகு எழும்பவே மாட்டா."

கட்டிலிலிருந்து எழுப்ப ஒருவர், பக்கத்தில் நடக்க ஒருவர் என்று ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை வேண்டும். என் மனைவிதான் அந்த இரண்டு பேரும். ஒன்றரை மாதத்தில் அவளுடைய முதுகு போய்விட்டது. டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி யாரையும் தூக்கினால் உங்களைத் தூக்க ஆள் தேட வேண்டிவரும் என்றார். நான் தூக்குகிறேன் என்று மாமியிடம் சொன்னேன். மாமி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

"மருமோன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கக்கூசுக்குப் போறதிலும் பாக்க நான் போய்ச் சேரலாம்."

உதவிக்கு ஆள் வைத்தோம். முதலில் வந்தவர் மூன்று நாள் நின்றார். இரண்டாமவர் மாமியின் வாயைக் கேட்டு ஒன்றரை நாளில் பையைத் தூக்கினார். கடைசியில் இல்லம் என்ற பேச்சை எடுத்தவர் மாமிதான். மகள் அழுதுகொண்டு நின்றாள். அவர் அழவில்லை.

"கொண்டுபோய் விடுங்கோ. ஊர் கதைச்சால் கதைக்கட்டும், அதுக்கு வேற வேலை இல்லை. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். என்ர காலில நடந்து நான் கக்கூசுக்குப் போகவேணும். அது நிண்டுதெண்டா நானும் நிண்ட மாதிரித்தான்."

"அதெல்லாம் நான் பாத்துத்தான் மாமி..."

"நீர் என்னத்தைத் தம்பி பாப்பீர்? கடதாசியைப் பாப்பீர்."

எனக்கு அது உறைத்தது. ஏனென்றால், இந்தப் பக்கத்தில் எந்த இல்லம் எப்படி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அரைமணி நேரத்தில் ஒரு அட்டவணை போட்டேன். முதலிடத்தில் வந்தது நானாட்டான் பக்கம், வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பெரிய இல்லம். கடைசியாக நான் பார்வையிட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருந்தேன். போன நாலு புள்ளியும் தீயணைக்கும் கருவியின் திகதி முடிந்துபோனதற்காக. அதையும் கொடுத்திருக்கலாம், பாவங்கள் என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

அங்கே தொலைபேசி எடுத்து, "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாறன்" என்றேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் அப்போது உத்தியோகத்தன் இல்லை, மாமிக்கு இடம் தேடும் வீட்டுக்காரன். வீட்டுக்காரன் எந்த நேரமும் போகலாம். ஆனால் கந்தோரில் எனக்கு முதன்முதல் மேலதிகாரியாக இருந்தவர், "ஒரு கிழமைக்கு முன்னம் கடிதம் போடும். அவைக்கும் மானம் ரோசம் இருக்கு. நாங்கள் கள்ளன் பிடிக்கப் போறேல்ல" என்று சொல்லிப் பழக்கியிருந்தார். சொல்லாமல் போய் ஒருவரின் அடுப்படியைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. முப்பத்தொரு வருடமும் கடிதம் போட்டுவிட்டுத்தான் போனேன். அதாவது, முப்பத்தொரு வருடமும் என் வருகைக்காகத் தயாரிக்கப்பட்ட இல்லங்களைத்தான் பார்த்திருக்கிறேன். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பொறுப்பாளர் வாசலில் நின்றார். தேத்தண்ணி வந்தது, கேக் வந்தது. நான் கேட்காமலே பதிவேடுகள் மேசைக்கு வந்தன. மாமிக்கு இடம் பார்க்கப் போனவன் உட்கார்ந்து பதிவேடு புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது. மனசு நிறைந்தது. இருபத்திரண்டு வயோதிபப் பெண்கள் தோய்த்து மடித்த சட்டைகளோடு வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வணக்கம் சொன்னார்கள்.

பிறகு குளியலறை. வெள்ளைத் தரையோடு, சுவரில் இரும்புக் கைப்பிடி, மூலையில் ஒரு பூச்செடி. குனிந்து தரையில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வாற ஆக்கள் எல்லாம் இதில சோறு போட்டுச் சாப்பிடலாம் எண்டுதான் சொல்லுவினம் ஐயா" என்றார் பொறுப்பாளர்.

"மாமியைப் பிடிச்சு நடத்த ஆள் இருக்குமோ?"

"எல்லா வசதியும் இருக்கு ஐயா."

பதில் வாங்கியே சம்பளம் எடுத்த நான், இதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நல்ல இடம், கண்ணை மூடிக்கொண்டு விடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு என்று சொன்னதில் மட்டும் பிழை இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வான் பிடித்துப் புறப்பட்டோம். மாமி, மாமியின் வோக்கர், செபமாலை, இரண்டு பை, முதுகில் பெல்ட் கட்டிய என் மனைவி, சாரதி, நான். பாலம் கடந்து, தள்ளாடி என்ற இடத்தையும் தாண்டிக் கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது மாமி சொன்னார்:

"நிப்பாட்டச் சொல்லு பிள்ளை."

"என்னம்மா?"

"என்னவோ! போகவேணும்."

"இன்னும் இருவது நிமிசம்தான் அம்மா. அங்க போய்..."

"எனக்கு ஏன் சொல்லுறாய்? என்ர வயித்துக்குச் சொல்லிப் பார்."

சாரதி வேகத்தைக் குறைத்தார். "ஐயா, இதில ஒரு வீடு இருக்கு. வயசான ஆக்கள் இருக்கிற இடம். கேட்டுப் பாப்பமோ?"

அந்த வீட்டை எனக்குத் தெரியும். ஆகையினால்தான் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசுப்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முஸ்லிம் பெண், தன் சொந்த வீட்டிலேயே பதினொரு வயோதிபப் பெண்களை வைத்துப் பராமரித்துவந்தார். பாதிப் பேர் முஸ்லிம், பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எல்லோரும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பேச்சில் அக்கா மாதிரி. சில வருடங்களுக்கு முன் நான் அங்கே படிவத்தோடு போயிருந்தேன். குளியலறைத் தரை ஈரம், பூச்சியம். இரும்புக் கைப்பிடிக்குப் பதிலாக ஏதோ கயிறு, பூச்சியம். மொத்தம் ஐம்பத்தொன்று. மூன்று மாதத்தில் திருத்தவேண்டும் என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்து, முறைப்படி கடிதம் போட்டுவிட்டு இரண்டாம் தடவை போனபோது தரை காய்ந்திருந்தது. கைப்பிடிக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் போனால் போகட்டும் என்று பழைய புள்ளியோடேயே சான்றிதழைப் புதுப்பித்துக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

வான் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ராத்தா வந்தார். நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"வாங்கோம்மா, கையை என்ர தோளில போடுங்கோ. நல்லாப் பாரம் தாங்கோ, நான் விழமாட்டன். பிள்ளை, நீங்க தொடாதீங்கோ, பெல்ட் கட்டியிருக்கிறீங்க. ஐயா, நீங்க விறாந்தையில இருங்கோ. உள்ளுக்குப் பொம்பிளையள்."

இருந்தேன். கையில் படிவம் இல்லை. முன்னால் தேத்தண்ணி இல்லை. பதிவேடு கொண்டுவர ஆள் இல்லை. ஓர் இல்லத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. விறாந்தையிலிருந்து பார்த்தால் ஒரு நீட்டு நடைவழி தெரிந்தது. கட்டில்கள் இருந்த அறையிலிருந்து குளியலறை வரை, சுவரோடு சேர்த்து, கை உயரத்தில் ஒரு தடித்த கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சு. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி போனார். அவர் திரும்பி வர இன்னொருவர் போனார். வழியில் சந்தித்துக்கொண்டபோது, "நீ விலகு", "நீ விலகு" என்று சின்னச் சண்டை. இன்னொருவரை ஒரு பணிப்பெண் இடுப்பில் கைகொடுத்து நடத்திப் போனாள். பழக்கதோஷத்தில் எண்ணினேன். அரைமணி நேரத்தில் ஏழு பேர். தரையில் சாக்கு விரித்திருந்தது. நனைந்த சாக்கை ஒருத்தி எடுத்துக்கொண்டுபோய் வெயிலில் போட்டுவிட்டு, காய்ந்த சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள். சற்று நேரத்தில் அதுவும் நனைந்தது.

உள்ளேயிருந்து மாமியின் சிரிப்புக் கேட்டது. விழுந்த நாளிலிருந்து நான் கேட்டிராத சத்தம்.

பிறகு மாமி வெளியே வந்தார். வோக்கரைக் காணவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ராத்தா அரை அடி பின்னால், தொடாமல், ஆனால் இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது வலை இழுக்கிற கயிறு" என்றார் மாமி. "என்ர கைக்குத் தெரியுது. அந்த வோக்கர்ச் சாமானைப் பிடிக்கேக்க ஆரோ தெரியாத ஆளின்ர கையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்."

ராத்தா என்னைப் பார்த்தார்.

"இந்த முறை கடிதம் போடாமல் வந்திட்டீங்க ஐயா."

"என்னை ஞாபகம் இருக்கோ?"

"உங்கட பேனையும் ஞாபகம் இருக்கு."

என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதன் தன் தொழிலைப் பேசுகிறான். "குளியலறை இன்னும் ஈரமாத்தான் இருக்குப் போல" என்றேன்.

ராத்தா கோபிக்கவில்லை. "பதினொரு பேர் போய் வாற இடம் ஐயா. காய்ஞ்சு கிடந்தா என்ன அர்த்தம்? ஒருத்தரும் போகேல்ல எண்டுதானே."

"நான் ரெண்டாம் தரம் வரேக்க காய்ஞ்சுதானே இருந்தது?"

அவர் தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்டைக்குக் காலமை விடிஞ்சதில இருந்து ஒருத்தரையும் நான் உள்ளுக்கு விடேல்ல. ஐயா பத்து மணிக்கு வருவார், அதுவரைக்கும் பொறுங்கோ எண்டு சொன்னனான். பாவங்கள், அடக்கிக்கொண்டு இருந்ததுகள். நீங்க பதினொண்டேகாலுக்குத்தான் வந்தனீங்க."

அன்று நான் பிந்தியதற்குக் காரணம் வழியில் இன்னோர் இல்லத்தில் தேத்தண்ணி குடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போதுதான் நானாட்டான் இல்லத்து வெள்ளைத் தரை என் கண்முன் வந்தது. இருபத்திரண்டு பெண்கள். காலை பத்து மணி. விரலில் ஒட்டாத ஈரம்.

மனைவியையும் மாமியையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வானில் நான் மட்டும் நானாட்டானுக்குப் போனேன். இந்த முறை, பார்வையிட வருகிறேன் என்று சொல்லாமல் போனேன். பொறுப்பாளர் வெளியே ஓடிவந்து, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ ஐயா? தேத்தண்ணி..." என்றார். நான் நிற்காமல் நேரே உள்ளே நடந்தேன். அன்று கதிரைகளில் வரிசை இல்லை. ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் கட்டிலில் இருந்தார்கள். பவுடர் வாசம் நன்றாக இருந்தது. குளியலறையை எட்டிப் பார்த்தேன். சோறு போட்டுச் சாப்பிடலாம்.

நாலாவது கட்டிலில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "தம்பி, என்னை ஒருக்கா எழுப்பி விடுவீங்களோ?"

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "அவவுக்குப் பம்பஸ் போட்டிருக்கு ஐயா, கட்டிலிலயே போகலாம், பிரச்சினை இல்லை" என்றாள்.

"இவ நடக்கமாட்டாவோ?"

"இஞ்ச வரேக்க நடந்தவ" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் எந்தக் குற்றமும் இல்லை. காலை உணவு எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஐயா, பகலுக்கு எனக்கு மூண்டு பேர்தான். நடக்க விட்டா விழுவினம். விழுந்தா உங்கட படிவத்தில 'விழுந்தவர்கள் எத்தனை பேர்' எண்டு ஒரு கோடு இருக்கு. தரையும் நனையும். அதுக்கும் ஒரு கோடு இருக்கு. நடந்தவை எத்தனை பேர் எண்டு கேக்க ஒரு கோடும் இல்லையே ஐயா. நீங்கள் கேட்டதை நாங்கள் செய்தம்."

மாமி வரமாட்டார் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தகுதி இருக்கவில்லை. அந்த இல்லத்தை அப்படி ஆக்குவதில் என் பேனைக்கு ஒரு பங்கு உண்டு. திரும்பி வரும்போது சாரதி வானொலியைப் போட்டார். நிறுத்தச் சொன்னேன்.

ராத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மாமி நீளமான மர வாங்கில் இருந்து, பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் மனுஷியோடு மீன்குழம்புக்குப் பழப்புளி எவ்வளவு என்று வாதாடிக்கொண்டிருந்தார். "நீங்கள் மீனைக் கொல்லுறீங்கள்" என்று மாமி சொல்ல, "அது வரேக்கயே மவுத்தாகித்தான் வந்தது" என்று அந்த மனுஷி சொல்ல, வாங்கு முழுவதும் சிரித்தது. என் மனைவி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் அழுறாய்?" என்றார் மாமி. "இதுக்குள்ள மூண்டு தரம் போய் வந்திட்டன். கேட்டுப்பார்."

மூன்றாவது தடவை போனது தேவைக்காக இல்லை, கயிற்றைப் பிடித்துப் பார்க்கத்தான் என்று பிறகு ராத்தா சொன்னார்.

"நான் இதில நிக்கிறன்" என்றார் மாமி.

ராத்தா தயங்கினார். "கட்டில் ஒண்டு இருக்கு. ஆனா ஐயா, எனக்கு உங்கட புள்ளி ஐம்பத்தொண்டு. அப்பிடியான இடத்தில மாமியாரை விடுவீங்களோ?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார்: "இண்டைக்குப் புள்ளி போடுறது நான். அவர் வெளியில இருக்கட்டும்."

முப்பத்தொரு வருட சேவையில் எத்தனையோ படிவம் நிரப்பினேன். இல்லத்தில் இருக்கப்போகிறவரிடம் பேனையைக் கொடுத்து இந்த இடம் உங்களுக்குச் சரியா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு மாமி தானாகவே கையை உயர்த்தி விடை சொன்னார்.

மாமி ஒன்று மட்டும் கேட்டார். "பின்னேரத்தில செபமாலை சொல்லுவன். சத்தமாத்தான் சொல்லுவன். பரவாயில்லையோ?"

"சொல்லுங்கோம்மா. நாங்க தொழுகிற நேரம் நீங்க சத்தத்தைக் குறையுங்கோ. நீங்க செபிக்கிற நேரம் நாங்க டீவியைக் குறைக்கிறம்" என்றார் ராத்தா. இவ்வளவு சுருக்கமான உடன்படிக்கையை நான் எந்தக் கந்தோரிலும் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனைவி கட்டிலில் சாய்ந்தாள். அம்மா கூப்பிடுவா, எழும்பவேணும் என்ற பதற்றம் இல்லாமல் இரண்டு மாதத்துக்குப் பிறகு படுத்தது அன்றுதான். படுத்த மாதிரியே நித்திரையாகிப்போனாள். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கேற்றுக்கு வெளியே இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றின்மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது எட்டு மாதம். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று என்று எழுதினால் அது அறிக்கையாகிவிடும். மூன்றாம் மாதம் மாமி ஒரு தடவை விழுந்தார். பத்து நிமிஷத்துக்குள் ராத்தா தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார். நாங்கள் பதறிக்கொண்டு போனோம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். என் மனைவி, "வீட்ட வாங்கோம்மா, வேற வழி பாப்பம்" என்று கேட்டாள்.

"ஓம், விழுந்தனான்தான்" என்றார் மாமி. "போற வழியில விழுந்தனான். படுக்கையில கிடந்து பழுதாப் போகேல்ல. உனக்கு எது விருப்பம்?"

என் மனைவி திரும்பி வரும் வழியில், பாலத்தில் வான் ஏறும்போது, "அம்மா சண்டை பிடிக்கிறா. நல்லா இருக்கிறா" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து போகிறோம். நாங்கள் போகும்போது மாமி பெரும்பாலும் கட்டிலில் இருப்பதில்லை. விறாந்தையில் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இனி உங்கள் வேலை. ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவர் தான் முன்பு கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெறுவதற்கு எந்தச் சுற்றுநிருபத்திலும் வழி இல்லை. நான் தேடிவிட்டேன். நானே இல்லை என்று சொல்கிறேன் என்றால் இல்லை. ஆனாலும் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: நானாட்டான் பக்கத்து இல்லத்துக்கு நான் கொடுத்த தொண்ணூற்றாறும் பிழை, ராத்தாவின் வீட்டுக்குக் கொடுத்த ஐம்பத்தொன்றும் பிழை, இரண்டும் என் பிழை. அது எந்தக் கோவைக்குள் போனது என்று தெரியவில்லை. ஆகவே இங்கேயும் எழுதுகிறேன்.

பொறுப்பாளருக்கும் தொலைபேசி எடுத்தேன். ராத்தா வீட்டுக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். பிறகு ராத்தா வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். வலைக் கயிறு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். போன மாதம் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். நாலாவது கட்டில் அம்மா இப்போது இரண்டு பேர் பிடித்தால் வாசல் வரை வருகிறாராம். இன்னும் ஆறு பேர் எழும்பத் தொடங்கியிருக்கிறார்களாம். "ஆனா ஐயா, ஆராவது விழுந்தா புதுசா வந்த பிள்ளையள் எழுதாமல் இருப்பினமோ?" என்று கேட்டார்.

எழுதுவார்கள் என்றுதான் சொன்னேன். விழுந்ததை மறைக்கச் சொல்லி உங்களிடம் கேட்க மாட்டேன். எழுதுங்கள். ஆனால் கடிதம் போடாமல், காலை பத்து மணிக்குப் போங்கள். விறாந்தையில் அரைமணி நேரம் சும்மா இருங்கள். விழுந்தவர்கள் எத்தனை பேர் என்ற கோட்டுக்குப் பக்கத்தில், படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் ஓரத்தில், நடந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். விழுந்தவர் ஒருவர், நடந்தவர் ஏழு பேர் என்று அந்த இல்லத்திலிருந்து ஓர் அறிக்கை வருமானால், அதில் கையெழுத்துப் போட எனக்குக் கை துடிக்கும். எனக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் போடுங்கள்.